சந்தையும் கல்வியும்: முஹ்தஸிப் முதல் மீத் கம்ர் வரை

'நிதிக் கல்வி' என்னும் சொற்றொடர் அண்மைக் காலத்தில் வழக்கிற்கு வந்ததாகும். வரவு செலவு, சேமிப்பு, கடன், காப்பீடு, முதலீடு ஆகியவை பற்றிப் பொதுமக்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் கற்பிப்பதை இன்று பல அரசுகள் தம் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளன. நம் நாட்டில் இந்திய ரிசர்வ் வங்கி 2007-ஆம் ஆண்டு இதற்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. படக்கதை நூல்களைக்கூடப் பல மொழிகளில் வெளியிட்டது. 2013-இல் நிதிக் கல்விக்கான தேசிய உத்தி வகுக்கப்பட்டது. 2020-இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. இம்முயற்சிகளுக்கு இடையே 2019-இல் நடத்தப்பட்ட நாடளாவிய ஆய்வு ஒன்று, வினவப்பட்டோரில் 27 விழுக்காட்டினரே போதிய நிதி அறிவு பெற்றிருந்தனர் எனக் கண்டது.

எஞ்சியோருக்கு அறிவூட்டிவிட்டால் போதும், அவர்கள் ஏமாறமாட்டார்கள் என்பது இத்திட்டங்களின் அடிப்படை எண்ணம். எண்ணம் நல்லதே. ஆயினும் அதனுள் ஒரு வினா மறைந்து நிற்கிறது. சந்தையில் முதலில் கற்க வேண்டியவர் யார்? வாங்குபவரா, விற்பவரா? பணத்தை ஒப்படைப்பவரா, அதைப் பெற்றுக்கொள்பவரா? அறியாதவர் அறிந்துகொள்ளும் வரையில் அவரைக் காக்கும் பொறுப்பு யாருடையது? இஸ்லாமிய வரலாறு இவ்வினாக்களுக்குத் தந்துள்ள விடைகள் இன்றைக்கும் பயன்படத்தக்கவை.

பொருளைக் கையாளும் அறிவு

அநாதைகளின் செல்வத்தை அவர்களிடம் ஒப்படைப்பது பற்றித் திருக்குர்ஆன் அந்நிஸா அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் பேசுகிறது. அவர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அவர்களிடம் 'ருஷ்த்' தென்பட்டால் செல்வத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அதன் கருத்து. ருஷ்த் என்பது பொருளைப் பாழாக்காமல் கையாளும் பக்குவம் என்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் விளக்கம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அத்துடன் மார்க்க ஒழுக்கத்தையும் சேர்த்துக் கொண்டார்கள். இருபத்தைந்து வயதை அடைந்துவிட்டால் பொருளை அவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு.

இச்சோதனையை எவ்வாறு நடத்துவது? ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜுத் தாலிபீன்' நூலில் தரும் விளக்கம் சுவையானது. வணிகரின் பிள்ளையைக் கொடுக்கல் வாங்கலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். உழவரின் பிள்ளையைப் பயிர்த்தொழிலிலும், வேலையாட்களுக்குச் செலவிடும் முறையிலும் சோதிக்க வேண்டும். கைவினைஞரின் பிள்ளைக்கு அவரது தொழிலே சோதனைக் களம். பெண் பிள்ளையை நூற்பு வேலையிலும், உணவுப் பண்டத்தைப் பூனை முதலியவற்றிடமிருந்து காப்பதிலும் சோதிக்க வேண்டும். ஒருமுறை பார்த்து முடிவு செய்துவிடக் கூடாது. மீண்டும் சோதிக்க வேண்டும்.

இங்கே இரண்டு செய்திகள் கவனத்திற்குரியவை. ஒன்று, பொருளறிவு என்பது எல்லாருக்கும் ஒரே பாடமாக இருக்கவில்லை. அவரவர் வாழ்வும் தொழிலுமே அதன் பாடநூல். மற்றொன்று, அவ்வறிவு வாய்க்கும் வரையில் பொருளுக்குக் காப்பாளர் ஒருவர் இருந்தார். கற்பித்தலும் காத்தலும் ஒருங்கே நடந்தன.

மதீனாவின் சந்தை

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் நேரில் நடந்து பார்வையிட்டார்கள். தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என அறிவித்தார்கள். குவியலைக் கிளறிப் பார்த்து வாங்கும் திறமையை வாங்குபவரிடம் அவர்கள் எதிர்பார்க்கவில்லை. குறையை வெளிக்காட்டும் கடமையை விற்பவர்மீது சுமத்தினார்கள்.

நாட்டுப்புறத்திலிருந்து சரக்குடன் வருவோரைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே மறித்து வாங்குவதையும் நபியவர்கள் தடுத்தார்கள். ஊருக்குள் நிலவும் விலை அவர்களுக்குத் தெரியாது என்பதே காரணம். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தபின், அவ்விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை பெறுகிறார். அறியாமையை ஒருவரின் குற்றமாகவும் மற்றவரின் ஆதாயமாகவும் கருதும் வணிக நெறிக்கு இங்கே இடமில்லை.

ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்களைப் பற்றியதாகச் சில அறிவிப்புகள் குறிப்பிடும் நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. அறிவில் தளர்ச்சி ஏற்பட்டிருந்த அந்தத் தோழர் வணிகத்தில் அடிக்கடி ஏமாந்தார். அவர் வணிகம் செய்வதைத் தடுத்துவிடுமாறு குடும்பத்தார் நபியவர்களிடம் வேண்டினர். அவரோ தம்மால் வணிகம் செய்யாமல் இருக்க இயலாது என்றார். அப்போது நபியவர்கள், வாங்கும்போதும் விற்கும்போதும் ஏமாற்று இருத்தலாகாது எனச் சொல்லிக்கொள்ளும்படி அவருக்குக் கற்பித்தார்கள். பேரத்தை மூன்று நாட்களுக்குள் முறித்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு அளிக்கப்பட்டதாகச் சில அறிவிப்புகள் கூறுகின்றன. சந்தையிலிருந்து அவரை விலக்காமல், அவர் சந்தையில் நிற்பதற்கு ஒரு சொல்லையும் ஓர் உரிமையையும் தந்தார்கள். நுகர்வோர் கல்வி, நுகர்வோர் பாதுகாப்பு எனும் இரண்டும் அந்த ஒரு தீர்ப்பில் இணைந்திருக்கக் காண்கிறோம்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் இக்கல்வி ஆட்சியின் ஆணையாயிற்று. மார்க்கச் சட்டத்தை விளங்கியவர் அன்றி வேறெவரும் நம் சந்தையில் விற்கலாகாது என்ற கருத்தில் அவர்கள் கூறியது திர்மிதியில் பதிவாகியுள்ளது. இந்த நிபந்தனை விற்பவருக்கே விதிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. பின்னர் வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் பொருளீட்டல் பற்றிய பகுதியில் இதை விரித்துரைத்தார்கள். விற்பனை, வட்டி, முன்பண வணிகம், வாடகை, முதலீட்டுப் பங்கு, கூட்டு வணிகம் ஆகிய ஆறையும் பற்றிய அறிவு பொருளீட்டும் ஒவ்வொருவருக்கும் கடமை என்பது அவர்களின் முடிபு.

முஹ்தஸிபின் பணி

கல்வியால் மட்டும் சந்தை சீர்பெறாது. நம்பத்தக்க அளவுகோலும் வேண்டும். உமையாக் கலீஃபா அப்துல் மலிக், ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) பைசாந்தியப் பொற்காசின் சாயலை நீக்கி, எழுத்துகள் மட்டுமே பொறித்த தீனாரை வெளியிட்டார். ஏறத்தாழ 4.25 கிராம் எடையுள்ள அந்தக் காசு பேரரசெங்கும் ஒரே மதிப்பைப் பெற்றது. எகிப்தில் கி.பி. எட்டாம் நூற்றாண்டு முதல் ஆளுநர்களின் பெயர் பொறித்த கண்ணாடி எடைகளும் முத்திரைகளும் கிடைக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் காசையும் படியையும் ஐயமின்றிக் கையாள அரசு செய்துதந்த ஏற்பாடுகள் இவை.

இப்பணியை அன்றாடம் நடத்திவந்தவர் முஹ்தஸிப் எனப்பட்ட சந்தை அதிகாரி. ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள் 'அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா' நூலின் இறுதி அத்தியாயத்தை இந்த ஹிஸ்பா துறைக்கே ஒதுக்கினார்கள். கடைக்காரரின் தராசிலும் படியிலும் ஐயம் எழுந்தால் முஹ்தஸிப் அவற்றைச் சரிபார்க்கலாம். தாம் சரிபார்த்தவற்றின்மீது பொதுமக்கள் அடையாளம் கண்டுகொள்ளத்தக்க முத்திரையை இடுவது மேலானது என்கிறார்கள் மாவர்தி.

அதே அத்தியாயத்தில் தொழிலாளரை மூன்று வகையினராக அவர்கள் பிரிக்கிறார்கள். மருத்துவரும் ஆசிரியரும் திறமைக்காகக் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள். பொற்கொல்லர், நெசவாளர், சாயமிடுவோர் போன்றோர் நம்பகத்தன்மைக்காகக் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள்; மக்களின் பொருள் அவர்களிடம் ஒப்படைக்கப்படுவதால், அதனுடன் அவர்கள் ஓடிவிடக் கூடும். மூன்றாம் வகையினர் வேலையின் தரத்திற்காகக் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள். இரண்டாம் வகையினருள் மோசடி வெளிப்பட்டவரை முஹ்தஸிப் ஊரறியச் செய்ய வேண்டும். அவரை அறியாதவர்கள் ஏமாந்துவிடாதிருக்க இது தேவை என்பது மாவர்தியின் விளக்கம். மக்களுக்கு அறிவூட்டும் அரசின் கடமையைப் பத்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்துணைத் தெளிவாக உரைத்திருப்பது வியப்பிற்குரியது.

பின்னாளில் முஹ்தஸிபுகளுக்கென்றே கையேடுகள் தோன்றின. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிரியாவைச் சார்ந்த ஷைஸரீ 'நிஹாயத்துர் ருத்பா' என்னும் நூலை இயற்றினார். ஹிஜ்ரி 729-இல் (கி.பி. 1329) மறைந்த எகிப்தியர் இப்னுல் உகுவ்வா 'மஆலிமுல் குர்பா' நூலை எழுபது அத்தியாயங்களில் எழுதினார். எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் படியாதவாறு தராசைத் துடைத்துவர வேண்டும் என்பது வரையில் ஷைஸரீ நுணுகி எழுதுகிறார். நாணய மாற்று வணிகம் மார்க்கத்திற்கு இடர் விளைவிக்கக் கூடியது. அதன் சட்டங்களைக் கற்றபின்னரே அதில் இறங்க வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். ஒவ்வொரு தொழிலுக்கும் அதன் நுட்பமும் ஏமாற்றும் அறிந்த ஒருவரை 'அரீஃப்' என நியமித்துக்கொள்ளும் ஏற்பாடும் அன்று இருந்தது.

இந்நிறுவனம் குறையற்றதாக எக்காலத்தும் விளங்கியது எனக் கூற இயலாது. மம்லூக்குகளின் காலத்தில் பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. கெய்ரோவின் முஹ்தஸிபாகவே பணியாற்றிய வரலாற்றாசிரியர் மக்ரீஸீ, தம் காலத்துப் பஞ்சத்தையும் விலையேற்றத்தையும் ஆராய்ந்து 'இகாஸத்துல் உம்மா' எனும் சிறு நூலை எழுதினார். பதவி விற்பனை, நிலவாடகை உயர்வு, செப்புக்காசுகளின் பெருக்கம் ஆகிய மூன்றே கேட்டிற்குக் காரணம் என அதில் சுட்டினார். காசின் மதிப்பை ஆட்சியாளரே கெடுத்துவிட்டபின் குடிமக்களின் கணக்கறிவு என்ன செய்ய முடியும்? கற்பிப்பவர் முதலில் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதே மக்ரீஸீ விட்டுச்சென்ற பாடம்.

மீத் கம்ர்

நவீன காலத்தில் இம்மரபு புதிய வடிவில் துளிர்த்ததும் எகிப்தில்தான். நைல் கழிமுகத்தில் தக்கஹ்லிய்யா மாநிலத்தில் உள்ள சிறு நகரம் மீத் கம்ர். மேற்கு ஜெர்மனியில் பொருளியல் பயின்ற அஹ்மத் அந்நஜ்ஜார், அங்குச் சிற்றூர்தோறும் இயங்கிய சேமிப்பு வங்கிகளைக் கண்டு, அவற்றைத் தம் நாட்டு மக்களின் நம்பிக்கைக்கு ஏற்ப அமைக்க விரும்பினார். எகிப்திய அரசின் ஒப்புதலும் மேற்கு ஜெர்மனியின் ஒத்துழைப்பும் கிடைத்தன. 1963-இல் மீத் கம்ர் சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது.

அக்காலத்து எகிப்தியக் கிராமவாசிகளில் மிகப் பெரும்பாலோர் வங்கியின் படியை மிதித்தறியாதவர்கள். அவர்களைப் பொறுத்தவரை வங்கி என்பது நகரத்தாருக்கும் செல்வருக்கும் உரியது, வட்டியுடன் கலந்தது. மிச்சம் பிடித்த பணம் வீட்டிலோ நகையிலோ முடங்கிக் கிடந்தது. நஜ்ஜார் சேமிப்பைப் பற்றி வெறும் உரை நிகழ்த்தவில்லை. மூன்று கணக்குகளை அவர்கள் முன் வைத்தார். வேண்டும்போது திரும்பப் பெறக்கூடிய சேமிப்புக் கணக்கு ஒன்று. அதை வைத்திருப்போர் தேவைப்பட்டால் வட்டியில்லாச் சிறுகடன் பெறலாம். லாப நஷ்டத்தில் பங்கு பெறும் முதலீட்டுக் கணக்கு மற்றொன்று. வறியோருக்கு உதவும் ஜகாத் கணக்கு மூன்றாவது. கைவினைஞரும் சிறு வணிகரும் தாம் சேர்த்த பணம் தம் ஊரிலேயே தொழிலாக மாறுவதைக் கண்ணால் கண்டனர். கல்வி செயலாக வந்ததால் மனத்தில் பதிந்தது.

முதலாண்டில் பதினேழாயிரத்தை ஒட்டியிருந்த கணக்குதாரர் தொகை, 1967-க்குள் இரண்டரை லட்சத்தை எட்டியது. கிளைகள் ஒன்பதாயின. ஆனால் 1967-இல் அவ்வங்கிகள் எகிப்தியத் தேசிய வங்கியின் வசமும் மத்திய வங்கியின் வசமும் சென்றன. வட்டியில்லா முறை கைவிடப்பட்டது. மக்கள் கற்றார்கள், அரசு தானே வளர்த்த பள்ளியை மூடிற்று. எனினும் அந்த எண்ணம் மறையவில்லை. 1971-இல் அரசே வட்டியில்லா அடிப்படையில் நாஸிர் சமூக வங்கியை நிறுவியது.

மீத் கம்ர் தொடங்கிய அதே 1963-இல் மலாயாவில் ஹஜ் பயணிகளின் சேமிப்புக் கழகம் செயல்படத் தொடங்கியது. ஹஜ்ஜுக்காக நிலத்தையும் கால்நடையையும் விற்றுச் சென்று, திரும்பியபின் வறுமையில் வாடிய கிராமத்தாரின் நிலையை எண்ணி, பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அஸீஸ் 1959-இல் முன்வைத்த திட்டம் அது. முதலில் 1,281 பேர் சேர்ந்தனர். பின்னர் 'தாபுங் ஹாஜி' எனப் பெயர்பெற்று, மலேசிய முஸ்லிம்களின் மிகப் பெரிய சேமிப்பு நிறுவனமாக வளர்ந்தது. ஆயினும் 2018-இல் அதன் சொத்து மதிப்பில் பற்றாக்குறை வெளிப்பட்டு, 1,990 கோடி ரிங்கிட் அளவிலான சொத்துகளைத் தனி நிறுவனமொன்றிற்கு மாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. புகழ்பெற்ற நிறுவனத்திற்கும் முஹ்தஸிப் தேவை என்பதற்கு இது சான்று.

காப்பாளர் இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதையும் எகிப்து கண்டது. 1980-களில் அர்ரய்யான் முதலிய நிதி நிறுவனங்கள் இஸ்லாமியப் பெயரைத் தாங்கி, வங்கிகள் தந்ததைவிட மிக அதிகமான ஆதாயம் தருவதாகக் கூறி மக்களின் சேமிப்பைத் திரட்டின. வளைகுடாவில் உழைத்தோரின் பணமும் அவற்றில் குவிந்தது. 1988-இல் அரசு 146-ஆம் எண் சட்டத்தால் அவற்றைக் கட்டுப்படுத்த முனைந்தபோது அர்ரய்யானின் சரிவு வெளிப்பட்டது. எண்ணற்ற குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. வட்டியை அஞ்சிய மக்களின் இறையச்சமே அங்கு வணிகச் சரக்காயிற்று.

நம் நாட்டின் நிலை

இந்திய முஸ்லிம்களுக்கு இவ்வரலாறு அந்நியமானது அன்று. 2019 ஜூனில் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் சரிந்தபோது, 'ஹலால் முதலீடு' என நம்பிப் பணம் கொடுத்த பல்லாயிரம் குடும்பங்கள் தெருவில் நின்றன. அவர்கள் அனைவரும் கல்லாதவர்கள் அல்லர். பட்டம் பெற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். வட்டி கூடாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மாதந்தோறும் தவறாமல் வரும் உயர்ந்த ஆதாயம் எந்த வணிகத்திலிருந்து வருகிறது எனக் கேட்கவும், கணக்கைக் காட்டுமாறு கோரவும் அவர்களுக்கு யாரும் கற்பிக்கவில்லை.

அரசின் பங்கில் ஆக்கமும் உண்டு, குறையும் உண்டு. முறையற்ற வைப்புத் திட்டங்களைப் பற்றிப் புகார் செய்ய 2016-இல் 'சசேத்' எனும் இணையதளத்தை ரிசர்வ் வங்கி அமைத்தது. 2019-இல் ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. மோசடியை ஊரறியச் செய்யும் ஹிஸ்பா பணியின் சாயலை இவற்றில் காணலாம். மறுபுறம், வட்டியை விலக்க விரும்புவோர் தம் சேமிப்பை எங்கே வைப்பது என்ற வினாவுக்கு விடை கிட்டவில்லை. ரகுராம் ராஜன் குழு 2008-இலும், தீபக் மொஹந்தி குழு 2015-இலும் வட்டியில்லா நிதிச் சேவைக்கு ஆதரவாகப் பரிந்துரைத்தன. 2017-இல் ரிசர்வ் வங்கி அம்முயற்சியைத் தொடர்வதில்லை என அறிவித்தது. கதவைத் திறக்காமல் வழியை மட்டும் கற்பிக்கும் கல்வி நிறைவு பெறுவதெப்படி? திறக்காத கதவின் முன் நிற்போரைத் தேடித்தான் மோசடியாளர் வருகின்றனர்.

எனினும் அரசைக் குறைகூறுவதுடன் நம் கடமை முடிந்துவிடாது. நம் அரபிக் கல்லூரிகளில் 'கிதாபுல் புயூஃ' எனும் வணிகச் சட்டப் பகுதி ஆண்டுதோறும் பாடமாக நடத்தப்படுகிறது. முளாரபாவின் நிபந்தனைகளை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லக் கூடியவர்கள். ஒரு நிறுவனத்தின் வரவு செலவு அறிக்கையைப் படிக்கவும், அதன் பதிவை உறுதி செய்துகொள்ளவும் அவர்களுக்குப் பயிற்சி அளித்தால், நாளை அவர்கள் மிம்பரில் நின்று கூறும் எச்சரிக்கைக்கு எடை கூடும். லாபத்தில் பங்கும் நஷ்டத்தில் பாதுகாப்பும் ஒருசேர உறுதியளிக்கப்படும் இடத்தில் முளாரபா இல்லை என்பதைத் தராசுடன் விளக்க அவர்களால் இயலும்.

ஊர்தோறும் உள்ள ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் மீத் கம்ரிலிருந்து பாடம் பெறலாம். சிறுசேமிப்பைச் சட்டத்திற்கு உட்பட்ட வழியில் ஊக்குவித்தல், வட்டியில்லாச் சிறுகடனுக்கு முறையான கணக்கு வைத்தல், ஆண்டுதோறும் தணிக்கை செய்து அக்கணக்கைப் பள்ளிவாசலில் மக்கள் முன் படித்தல் ஆகியன நம் கைக்கு எட்டிய பணிகளே. கணக்கைப் படிப்பவர் கூசாமல் படிக்கவும், கேட்பவர் கூசாமல் வினவவும் பழகிய ஊரில் ஏமாற்றுபவர் எளிதில் கால் ஊன்ற முடியாது.

மதீனாவில் ஈரத் தானியத்தை மேலே கொண்டுவந்து காட்டும் கடமை விற்பவருக்கு இருந்தது. அதைச் சரிபார்க்கும் கடமை ஆட்சியாளருக்கு இருந்தது. இன்றைய நிதிக் கல்வி அந்தச் சுமை முழுவதையும் வாங்குபவரின் தோளில் ஏற்றிவிடுகிறது. மக்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அத்துடன், மக்களின் பொருளைக் கையில் வாங்குபவர் முதலில் கற்றிருக்கிறாரா, அவரது தராசு முத்திரை பெற்றதா என்பதைக் கேட்கும் அதிகாரியும் சந்தையில் நடந்துவர வேண்டும். அவ்வதிகாரியைக் கேட்டுப் பெறுவதும், கிடைக்கும் வரையில் அப்பணியில் இயன்றதை நாமே செய்வதும் நம்மீதுள்ள பொறுப்பாகும்.